ஒற்றைக் கொக்கிப் பார்

பாறை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சர்க்கஸில் பறக்கிறவர்கள் அவளுக்கு வைத்தது. கூடாரத்தின் உச்சியில் ஆடுகிற பாரில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, எதிர்ப் பாரிலிருந்து கையை விட்டுப் பறந்து வருகிறவர்களின் மணிக்கட்டைப் பிடிப்பது அவள் வேலை. பிடித்தால் பிடித்ததுதான். எட்டாமல் போய் வலையில் விழுந்தவர்கள் உண்டு. அவள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு விழுந்தவர் ஒருவரும் இல்லை. “பாறையக்கா கையில சிக்கின மணிக்கட்டும் வாத்தியார் கையில சிக்கின காதும் ஒண்ணு” என்பார் ஜோக்கர்.

அந்தப் பிடி சர்க்கஸில் வந்ததல்ல. சலவைக்கூடத்தில் வந்தது. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மலைமலையாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிகிற கூடம் அது. ஈர விரிப்பை இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி பிடித்து முறுக்க வேண்டும். இவளுக்கு எதிரில் நின்று முறுக்க வந்தவர்கள் ஒவ்வொருத்தியாக மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வேறு வேலைக்கு மாறிப் போனார்கள். கடைசியில் சுவரில் ஒரு வளையம் அடித்து, விரிப்பின் ஒரு முனையை அதில் மாட்டிவிட்டு இவள் தனியாகவே முறுக்கினாள். வளையமும் சில மாதங்களில் ஆட்டம் கண்டது.

பின்னாலிருந்த மைதானத்தில் சர்க்கஸ் இறங்கியதும், ஆட்டக்காரர்களின் உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். சர்க்கஸில் கம்பம் நடுவதும் கயிறு கட்டுவதும் அவன் பொறுப்பு. முதல் நாள் பெரிய மூட்டை. மறுநாள் இரண்டு சட்டை. அதற்கும் மறுநாள் ஒரே ஒரு துண்டு. அடுத்த வாரம் ஒற்றைக் காலுறையோடு வந்து நின்றான்.

“இதுக்கு ஜோடி எங்க?” என்று கேட்டாள்.

“அதத்தான் தேடிட்டு இருக்கேன்” என்றான்.

கூடமே சிரித்தது. சர்க்கஸ் மைதானத்தைக் காலிசெய்வதற்குள் கல்யாணம் முடிந்தது. அந்தரத்தில் தொங்குகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவள் அம்மா தயங்கியபோது, மாப்பிள்ளை வீட்டார் உண்மையை உடைத்துச் சொன்னார்கள்: அந்தக் குடும்பத்தில் எல்லோரும் தொங்குகிறவர்கள், மாப்பிள்ளை மட்டும் விதிவிலக்கு. கம்பத்தில் குரங்கு மாதிரி ஏறுவான். ஆனால் மேலே போனபின் கையை மட்டும் விடமாட்டான். அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அந்தக் குறையை மகள் ஈடுகட்டுவாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அப்போது பார் குழுவில் பிடிக்கிறவர் மாமனார். கல்யாணத்துக்கு மறு வருஷம் அவருடைய தோள் இறங்கிவிட்டது. பொருத்தி வைத்தார்கள், மறுபடி இறங்கியது. இனி பாரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு இரண்டு ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பறக்கிறவள் நாத்தனார். மின்னல் மாதிரி இருப்பாள், மிளகாய் மாதிரி பேசுவாள். ஒருவன் கை வியர்க்கிறது என்றாள், இன்னொருவன் கண்ணை மூடுகிறான் என்றாள். கூடாரத்தில் பார் ஆட்டம் நின்றுபோய்விடும் போலிருந்தது.

ஒருநாள் சாமான் லாரியின் மேலிருந்து நாத்தனார் இறங்கும்போது ஈரப் பலகையில் கால் வழுக்கியது. கீழே ஒரு கையில் தண்ணீர் வாளியோடு போய்க்கொண்டிருந்த பாறை, மற்றக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாத்தனார் அந்தரத்தில் ஊசலாடினாள். வாளித் தண்ணீர் தளும்பக்கூட இல்லை. தொங்கியபடியே நாத்தனார் தலையைத் திருப்பிக் குரல்கொடுத்தாள்: “அப்பா, பிடிக்க ஆள் கெடச்சாச்சு.”

பெண் பிடிப்பதா என்று சர்க்கஸில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். தலைகீழாகத் தொங்கப் பழகுவதற்குள் பாறைக்கும் போதும்போதும் என்றாகிவிட்டது. தலைக்கு ரத்தம் இறங்கும், எச்சில் மூக்குக்கு வரும், வலி முழங்காலுக்குப் பின்னால் குடிவந்துவிடும். முதல்முறை நாத்தனாரை உண்மையாகவே பிடிக்க வேண்டிய நாளில், பறக்கிறவர்கள் கிளம்புகிற எதிர்ப் பலகையில் நின்றுகொண்டு அவள் எச்சரித்தாள்: “அண்ணி, கையை விட்டீங்கன்னா எங்கண்ணன்கிட்ட சொல்லிடுவேன்.” பாறைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பிடித்தாள். அதிலிருந்து எத்தனையோ வருஷம் அந்தப் பிடியில் குழு ஓடியது.

மாமனார் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பயிற்சியைக் கவனிப்பார். தோள் போனதிலிருந்து அவருடைய பலமெல்லாம் வாய்க்கு வந்திருந்தது. பார் எப்படிப் பிறந்தது என்பது அவருக்குப் பிடித்த பேச்சு. கயிற்றில் வித்தை காட்டிய யாரோ, உட்கார வசதிக்கு நடுவில் ஒரு குச்சியைக் கட்டினானாம். அசையாமல் தொங்கிய அந்தக் குச்சிதான் முதல் பார். அதையே ஆட்டிவிட்டபோது இரண்டாவது தினுசு வந்தது. பிறகு ஒரு தேகப்பயிற்சிக் கூடத்துக்காரரின் மகன், நீச்சல்குளத்துக்கு மேலே இரண்டு மூன்று பாரைத் தொங்கவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் பார்த்தான். தவறினால் தண்ணீர் தாங்கிக்கொண்டது. பறக்கிற பார் பிறந்தது அப்படி. அடுத்த பாருக்குப் பதிலாக ஓர் ஆள் தலைகீழாகத் தொங்கினால் என்ன என்று யாருக்கோ தோன்றியபோது பிடிக்கிறவர் வந்தார். கனமான இரும்புப் பாரில் தட்டையாக ஒரு தகட்டைப் பொருத்தி, அதன்மேல் தலையை ஊன்றிக் கால் மேலே நிற்க ஆடியவர்களும் உண்டு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அவ்வளவுதான், பார்ல கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் கண்டுபிடிச்சாச்சு. நாம ஒழுங்கா செஞ்சாப் போதும்” என்று முடிப்பார்.

பாறை தலைகீழாகத் தொங்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்பாள். தலைகீழாக இருக்கும்போது மாமனார் சிரிக்கிற மாதிரி தெரிவார் என்பதால் அவர் திட்டுவதுகூட அவளுக்கு உறைக்காது.

ஒரு வருஷம் மழைக்காலம் தொடங்குமுன் புதிய ஊரில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. பாதி கட்டிய கூடாரத்துக்குள் புகுந்து, பலூன் மாதிரி ஊதி, நடுவில் வகிடு எடுத்த மாதிரி கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஆளுக்குச் சேதமில்லை. துணி போய்விட்டது, நடுக் கம்பம் முறிந்துவிட்டது. புதிய கூடாரம் தைத்து வர மாதக்கணக்காகும் என்றார்கள்.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. ஊரின் ஓரத்தில் மூடிக்கிடந்த மாவு ஆலையின் கூடத்தைப் பேசிப் பிடித்தார். நீளமான கூடம், செங்கல் சுவர், உயரத்தில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். மூலைமுடுக்கெல்லாம் பழைய மாவுத்தூசி. பந்து எறிகிறவர்களுக்கும் ஒற்றைச் சக்கர சைக்கிள்காரர்களுக்கும் அது அரண்மனை. பார் குழுவுக்குத்தான் இடியாக இறங்கியது. கூரை தாழ்வு. பாறை வழக்கமாகத் தொங்கும் உயரத்தில் பாதிகூட வராது. அங்கே பறந்தால் முதல் வீச்சிலேயே நாத்தனார் கூரையில் பல்லியாக ஒட்டிக்கொள்வாள்.

பார் குழுவுக்கு எடுபிடி வேலை வந்தது. நாத்தனாரை வாசலில் நிறுத்தி வருகிறவர்களை உட்காரவைக்கச் சொன்னார்கள். பாறை கம்பளம் சுருட்டினாள். மாமனார் யாரோடும் பேசவில்லை. அவர் பேசாதது குடும்பத்துக்கு இன்னும் பயமாக இருந்தது. வருகிற கூட்டமோ ஆட்டம் முடிந்ததும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்து, பார் எப்போது என்று கேட்டது. ‘இந்த ஊர்ல பார் கிடையாது’ என்று ஜோக்கர் வந்து சொல்லும்போது, அவர் முகத்துச் சாயத்தையும் மீறிச் சங்கடம் தெரிந்தது.

ஒரு மத்தியானம் பாறை கம்பளத்தை விரித்துவிட்டு அதன்மேலேயே மல்லாந்து படுத்தாள். கூடத்தின் நட்டநடுவில், கூரையைத் தாங்குகிற இரும்பு உத்தரத்தில், ஒரு பெரிய கொக்கி தொங்கியது. கோதுமை மூட்டைகளை அரவை எந்திரத்தின் வாய்க்குத் தூக்கிய கொக்கி. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

“அந்தக் கொக்கி என் எடை தாங்குமா?”

“மூட்டை மூட்டையா தாங்கியிருக்கு. நீ எம்மாத்திரம்?” என்றவன், அவள் முறைத்ததும், “பலத்தச் சொன்னேன்” என்று திருத்திக்கொண்டு ஏணியைத் தூக்கிவந்தான்.

தட்டிப் பார்த்தான், தொங்கிப் பார்த்தான், மணல் மூட்டைகளை மாட்டி ஆட்டிப் பார்த்தான். இரும்பு உத்தரம் அசையவில்லை. மற்ற உத்தரங்கள் எல்லாம் மரம், கரையான் தின்ற மரம். ஆளைத் தொங்கவிட அந்தக் கூடத்தில் ஒரே இடம்தான் இருந்தது. பாருக்கோ இரண்டு கயிறு, இரண்டு இடம் வேண்டும். அவன் வேறு வழியில்லாமல் இரண்டு கயிற்றையும் அந்த ஒரே கொக்கியில் மாட்டினான். முக்கோணமாகத் தொங்கிய பார் சும்மா நிற்காமல், நாய் படுக்கப்போகுமுன் சுற்றுகிற மாதிரி மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டது.

“இது பார் இல்ல, வண்டிச் சக்கரம்” என்றான்.

பாறை ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் சும்மா இருப்பாளா? வாசலிலிருந்து ஓடிவந்து அண்ணியின் காலைப் பிடித்துச் சுழற்றிவிட்டாள். கயிறு முறுக்கேறியது, ஏறி நின்றது, பிறகு அவிழத் தொடங்கியது. சலவைக்கூடத்தில் முழுக்க முறுக்கிய விரிப்பைக் கைவிட்டால் எப்படி உதறிக்கொண்டு அவிழுமோ அப்படி அவிழ்ந்தது, அதன் நுனியில் பாறையை வைத்துக்கொண்டு. ஜன்னல்கள் ஒரே வெளிச்சக் கோடாகின. செங்கல் சுவர் ஒரே சிவப்பாகியது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறலா சிரிப்பா என்று கீழே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரியவில்லை.

இறங்கியவள் கால் பின்ன நடந்து போய், புருஷன் என்று நினைத்து ஜோக்கரைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்து பாரில் ஏறினாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. காய்ச்சல் கண்டவள் மாதிரி கண் மின்ன நடமாடினாள். எத்தனையோ வருஷமாகத் தலைகீழாகவே உலகத்தைப் பார்த்தவள். வாங்குகிற கைதட்டல் எல்லாம் பறக்கிறவளுக்கே போகும், பிடிக்கிறவள் சுவரில் அடித்த ஆணி மாதிரி. அதில் அவளுக்கு மனக்குறை இருந்ததில்லை. இப்போது முதல்முறையாக அவள் உடம்பு தனக்கென்று ஒன்றைச் செய்தது. கைகாலைக் குறுக்கினால் வேகம் எகிறியது. ஒரு காலை நீட்டினால் யாரோ தோளில் கைவைத்த மாதிரி நிதானமானது. எந்தக் கால், எவ்வளவு தூரம், எப்போது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நாத்தனாரோடு அடுப்படியில் நின்று அதையே பேசினாள். பேசும்போது கையில் இருந்த தட்டு சுற்றியது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, புருஷன் கயிற்றை இறக்கித் தடவிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனான். முறுக்கி முறுக்கி அவிழ்ந்ததில் கொக்கியில் உரசிய இடத்தில் உள்ளிழை வரைக்கும் பிய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அறுந்திருக்கும். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. கயிற்றை அவள் மடியில் போட்டுவிட்டு வெளியே போனான். சாயங்காலம் உடம்பெல்லாம் பழைய கிரீஸோடு திரும்பி வந்தான். ஆலையின் மாவரைக்கும் எந்திரத்துக்குள் புகுந்து, தடையில்லாமல் சுழலும் ஒரு கனத்த பேரிங்கைக் கழற்றி எடுத்திருந்தான். உள்ளே குண்டு குண்டாக எஃகு உருண்டைகள். கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவில் அதை மாட்டினான். இப்போது பார் எவ்வளவு சுற்றினாலும் கயிறு முறுக்காது.

அங்கேதான் வம்பு வந்தது. முறுக்கு இல்லையென்றால் அவிழ்வதும் இல்லை. பாறை பாரில் உட்கார்ந்து என்ன உதைத்தும் அது சோம்பேறி மாதிரி அரைச் சுற்று சுற்றி நின்றது. யாராவது சுழற்றிவிட வேண்டும். “ஒவ்வொரு வாட்டியும் நான் வந்து தள்ளணுமா? ஊஞ்சல்ல ஒக்காந்த கொழந்த மாதிரி” என்றாள் நாத்தனார். பாறை பாரை இறக்கச் சொன்னாள். கையை மேலே நீட்டினால் எட்டும் உயரத்துக்கு இறக்கினான். பாரைப் பிடித்துக்கொண்டே வட்டமாக நடந்தாள், நடை ஓட்டமாகியது, ஓட்டத்தில் வட்டம் விரிந்தது. மாவுத்தூசி காலடியில் கிளம்பியது. ஒரு கட்டத்தில் அவள் காலை மடக்கிக்கொள்ள, தரை அவளை விட்டுவிட்டது. அவள் ஓடிய வட்டத்திலேயே, ஓடிய வேகத்திலேயே, கால் படாமல் போய்க்கொண்டிருந்தாள்.

நாத்தனார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். “அண்ணி, நீங்க பறக்கிறீங்க.”

சத்தம் கேட்டு மாமனார் உள்ளே வந்தார். நின்று முழுதும் பார்த்தார். அவள் இறங்கி மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார்.

“பார்னா போகணும், வரணும். போயிட்டு வர்றதுதான் பார். இது பம்பரம்” என்றார்.

அவரை அவள் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை, கேள்விதான் கேட்டாள். “மாமா, மொதல்ல பறந்தவரு கீழ குளம் இருந்ததாலதான பறந்தாரு? நீங்கதான சொன்னீங்க.”

“ஆமா.”

“அவருக்குக் குளம் கெடச்சுது. நமக்கு ஒத்தக் கொக்கிதான் கெடச்சிருக்கு.”

மாமனார் வெளியே கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, தரையில் அவள் ஓடிய வட்டத்தைப் பார்த்தார். மாவுத்தூசியில் அது கவராயம் வைத்துப் போட்ட மாதிரி தெரிந்தது. பிறகு போய்விட்டார்.

மேனேஜரிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை பகல் ஆட்டத்தில் கடைசி உருப்படியாகப் போட்டுவிட்டார். பாறைக்கு உடுப்பு இல்லை. பிடிக்கிறவர்களுக்குத் தைப்பது தடித்த கால்சட்டை, யார் கண்ணிலும் படாத சட்டை. நாத்தனார் தன்னுடைய பழைய மினுக்கு உடுப்பு இரண்டைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்துத் தைத்தாள். “என்னோடது ரெண்டு சேந்தா உங்களுக்கு ஒண்ணு. கணக்கு சரியா இருக்கு” என்றாள். பாறை அவள் காதைத் திருகினாள்.

சனிக்கிழமை கூடத்தில் எள் விழ இடமில்லை. பெஞ்சுகள் வட்டமாக, பாருக்கு நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தது. பாறை நடுவில் வந்து நின்றபோது, இவ்வளவு கிட்டத்தில் நேராக நிமிர்ந்த முகங்களைப் பார்த்து அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், கம்பளம் சுருட்டுகிறவள்தானே இவள் என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. அது நல்லதாகப் போயிற்று. அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கை நடுங்காது.

பாரைப் பிடித்தாள். நடந்தாள். ஓடினாள். தரையை விட்டாள். வட்டம் விரிந்து முன்வரிசையின் தலைக்கு மேலே போனபோது, காற்றில் சாய்கிற பயிர் மாதிரி மொத்த வரிசையும் குனிந்தது. கேள்வி கேட்டவர்தான் முதலில் குனிந்தார். பாரில் ஏறி நின்றாள், ஒரு கையை விட்டாள், உடம்பைக் குறுக்கினாள். அவள் சுற்றிய வேகத்தில் மினுக்கு உடுப்பிலிருந்து வெயில் சிதறிச் சுவரெல்லாம் ஓடியது. கூட்டத்திலிருந்து எழுந்தது கைதட்டல் இல்லை, ஒரு நீண்ட மூச்சு. அவள் காலை நீட்டி நிதானப்படுத்தினாள். பழகிய பழக்கத்தில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கினாள். கை தானாகக் கீழே நீண்டது, பிடிக்கிறவளின் கை.

இதுவரைதான் பேசிவைத்தது. அடுத்து நடந்ததை யாரும் பேசிவைக்கவில்லை.

வாசலில் நின்றிருந்த நாத்தனார், அந்த நீட்டிய கையைப் பார்த்தாள். அவ்வளவு வருஷமாக அந்தக் கையைக் கண்டால் அவள் உடம்பு செய்கிற காரியம் ஒன்றுதான். செருப்பை உதறிவிட்டு, பெஞ்சுகளுக்கு இடையில் புகுந்து, வட்டத்துக்குள் ஓடிவந்தாள். பாறை அவளைத் தலைகீழாகப் பார்த்தாள். நிறுத்த நேரம் இல்லை. இரண்டு பேருடைய வேகமும் சேர வேண்டும், கொஞ்சம் முந்தினாலும் தோள் பிசகும், பிந்தினால் அவள் பெஞ்சில் போய் மோதுவாள். எப்போது கையைத் தூக்குவது என்று நாத்தனாருக்குத் தெரியவில்லை. இந்தப் பாரில் அவர்கள் அதைச் செய்ததே இல்லை.

கூடத்தின் பின்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ஹெப்.”

மாமனாரின் குரல். தோள் நன்றாக இருந்த காலத்தில், பாரை விட வேண்டிய கணத்தில் பறக்கிறவர்களுக்குக் கொடுத்த குரல். நாத்தனார் யோசிக்காமல் கையைத் தூக்கினாள். பாறை மணிக்கட்டைப் பிடித்தாள். பாரம் இறங்கியதும் வட்டம் ஒரு கணம் தடுமாறிச் சரியாகியது. நாத்தனாரின் கால் தரையை விட்டுக் கிளம்பியது. ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாக, இரண்டு பேரும் கூடத்தைச் சுற்றிவந்தார்கள். மாவுத்தூசி வெயிலில் அவர்களைச் சுற்றிச் சுழன்றது. கூட்டம் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றது. எழுந்தவர்கள் குனிய வேண்டியிருந்ததால் மறுபடி உட்கார்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள். மேனேஜர் வாத்தியக்காரர்களை நிறுத்தச் சொன்னாரா வாசிக்கச் சொன்னாரா என்று அவர்களுக்கு விளங்காமல், பாதிப் பேர் நிறுத்தினார்கள், பாதிப் பேர் வாசித்தார்கள்.

இறங்கியதும் இருவராலும் நேராக நிற்க முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். நாத்தனார் மூச்சுக்கிடையில், “அண்ணி, திட்டணும்னா அப்புறம் திட்டுங்க. இப்ப கையை விட்டா நான் விழுந்துடுவேன்” என்றாள்.

பாறை திட்டவில்லை. மாமனார் திட்டினார், அன்று சாயங்காலம் முழுக்க. சொல்லாமல் ஓடியதற்கு மகளை, கையை நீட்டியதற்கு மருமகளை, கூடத்தைத் தாழ்வாகக் கட்டியதற்கு ஆலைக்காரனை. திட்டி முடித்துவிட்டு, நாளைக்கு இரண்டாவது சுற்றில் பிடிக்காமல் மூன்றாவது சுற்றில் பிடித்தால் வேகம் சேரும் என்று சொன்னார். மறுநாள் காலையில் அவருடைய நாற்காலி மாவு வட்டத்துக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டது.

மழைக்காலம் முழுவதும் அந்தக் கூடம் நிரம்பி வழிந்தது. புதிய கூடாரம் வந்தபிறகு பறக்கிற பார் மறுபடி மேலே ஏறியது. பாறை பழையபடி தலைகீழாகத் தொங்கிப் பிடித்தாள். ஆனால் அது முடிந்ததும் ஒரு விளக்கை மட்டும் விட்டு மற்றதெல்லாம் அணைத்து, நடுவில் ஒற்றைக் கொக்கியிலிருந்து பாரைத் தாழ இறக்குவார்கள். ஊர் ஊராக அதைக் கேட்டுக் கூட்டம் வந்தது. மாமனாரும் தன் பேச்சில் அதைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய கதையில் கொக்கியை முதலில் கண்டது அவர். மகன் கேட்டுப் பல்லைக் கடிப்பான். பாறை, “இருக்கட்டும், சும்மாவா? குரல் கொடுத்தவராச்சே” என்று விட்டுவிடுவாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு பெரிய நகரத்தில், பல தேசத்து ஆட்டக்காரர்கள் ஒரே மைதானத்தில் கூடினார்கள். பக்கத்துக் கூடாரத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்த நாத்தனார், முகம் கறுத்து ஓடிவந்தாள். அங்கே நரைத்த தலையோடு ஒல்லியாக ஒரு பெண், ஒற்றைக் கொக்கியில் தொங்கும் பாரைப் பிடித்துக்கொண்டு வட்டமாக ஓடிக் காலைத் தூக்குகிறாளாம். “நம்மள பாத்து எடுத்துட்டாங்க அண்ணி.”

பாறை போய்ப் பார்த்தாள். ஓட்டம் அதேதான். கால் நீட்டுவதும் குறுக்குவதும் அதேதான். ஆனால் அந்த உடம்பு அதைப் பழகிய காலம் பாறை பழகியதைவிட நீளம் என்பது பார்த்த உடனே தெரிந்தது. யாரையும் பார்த்து எடுத்த ஆள் இல்லை அவள். நாத்தனாருக்கு அழுகை முட்டியது. பாறைக்கோ உள்ளங்கால் குறுகுறுத்தது. ஆட்டம் முடிந்ததும் நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவளுக்குத் தெரியாது. பாறை மேலே கொக்கியைக் காட்டி, ஒற்றை விரலைத் தூக்கி, ஏன் என்று கையை விரித்தாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளங்கையைத் தன் தலைக்குமேல் மிகத் தாழ்வாகப் பிடித்துக் காட்டினாள். பிறகு இரண்டடி நாட்டியம் ஆடிக் காட்டினாள். ஏதோ சின்ன நாட்டியக் கூடம், தாழ்ந்த கூரை.

பாறை திரும்பி நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தாள். “அவங்களுக்கும் கூரை எட்டலடி.”

அதன்பிறகு அங்கே பேச்சு தேவைப்படவில்லை. பாறை பாரில் ஏறி முழங்காலில் தொங்கிக் கையை நீட்டிக் காட்டினாள், நாத்தனாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பிடிபட்டாள். அந்தப் பெண் துள்ளிக் குதித்தாள். அது அவளுக்குத் தெரியாதது. பதிலுக்கு அவள் ஏறி, இரண்டு கயிறும் சேர்கிற உச்சிக்குக் கீழே ஒரு கணுக்காலை மட்டும் கயிற்றில் சுற்றிக்கொண்டு, மற்றதையெல்லாம் காற்றில் விட்டுச் சுழன்றாள். அது பாறைக்குத் தெரியாதது. அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்றுகூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை. உடனே ஏறினாள். முதல்முறை கயிறு நழுவியது, இரண்டாம்முறை கணுக்கால் கன்றிப்போனது. மூன்றாம்முறை அந்தப் பெண் கீழே நின்று அவள் பாதத்தை ஒரு விரல் அகலம் திருப்பிவைத்தாள். கயிறு கவ்விக்கொண்டது.

சாயங்காலம் கணுக்கால் உப்பி நீலம் பாரித்திருந்தது. புருஷன் அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஐஸ் ஒற்றினான். பெரிய ஆட்டக்காரி ஆகிவிட்டாய், இனியாவது போதும் என்று உட்காரக்கூடாதா என்று வாய்க்குள் முனகினான். அவளோ அவன் சொன்ன எதையும் கேட்கவில்லை. காலை அவன் மடியில் விட்டுவிட்டு, கண்ணால் கூடார உச்சியை அளந்துகொண்டிருந்தாள்.

“என்னங்க, நாளைக்குக் கயித்த மாத்திடுங்க. மேல கணுக்கால் மாட்டுற எடத்துல துணி சுத்தினது வேணும்.”

“கால் வீங்கியிருக்கு.”

“ஒரு கால்தான வீங்கியிருக்கு” என்றாள்.